கீழ்வார்டு முகவரி

பம்பையாற்றங்கரை ஆஸ்பத்திரிக்கு டெஸ்ஸி போய்ச் சேர்ந்தபோது மத்தியானத்திலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். இடவப்பாதி மழை அடித்துப் பெய்தது. நடைவழி முழுக்க டெட்டாலும் காயாத துணியும் கலந்த வாடை.

ஆஸ்பத்திரியின் பழைய பதிவுகள் பல கணினிகளில் சிதறிக் கிடந்தன. அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும் புரோகிராமை அவள் எழுதியிருந்தாள்.

"எல்லாத்துக்கும் ஒரே புரோகிராமா?" என்றார் எலக்ட்ரீஷியன் சசாங்கன்.

"ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒவ்வொரு பாஷை பேசும் சேட்டா. சிலது எச்டிடிபி, சிலது எஃப்டிபி. முகவரியோட தொடக்கத்தைப் பாத்து, அந்தந்த பாஷையில கேட்டு வாங்கிட்டு வந்துடும்."

"எங்க வீட்ல எந்த பாஷையில கேட்டாலும் சாயா வரமாட்டேங்குது. அங்கயும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்க."

சிரித்துக்கொண்டே அவள் ஓட்டினாள். எக்ஸ்ரேக்கள் வந்தன, மருந்துச் சீட்டுகள் வந்தன. கடைசியாக ஒரு எஃப்டிபி முகவரியிலிருந்து ஒலிக்கோப்பு ஒன்று வந்தது.

எட்டிப் பார்த்த சசாங்கனின் முகம் மாறியது.

"இது கீழ்வார்டு பெட்டி. நோயாளிங்க மணி அடிச்சுப் பேசினா அதுல பதிவாகும். போன வெள்ளப்பொக்கத்துல ஆறு ஏறி முங்கிப் போச்சு. நான்தான் கழட்டி ஆக்கர்க்காரன்கிட்ட பழைய இரும்பு விலைக்குப் போட்டேன்."

கோப்பில் இருந்தது இன்றைய தேதி.

டெஸ்ஸி அதைத் திறந்தாள். முதலில் சலசலவென்று ஒரு சத்தம். பிறகு மூச்சு வாங்கும் ஒரு கிழவரின் குரல்.

"வெள்ளம்... சிஸ்டரே, வெள்ளம்..."

வாசலில் எதுவோ விழுந்து உருண்டது. தலைமை நர்ஸ் த்ரேசியாம்மா கையிலிருந்த தட்டை நழுவ விட்டிருந்தார்.

"பைலி மாப்பிள... கீழ்வார்டுல முங்கிச் செத்த பெரியவர்," என்றார். "அன்னிக்கு மேல டியூட்டில நான்தான் இருந்தேன். வெள்ளம் வெள்ளம்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். குடிக்கத்தான் கேக்கறார்னு நினைச்சு, இதோ கொண்டு வரேன்னு சொன்னேன். பூட்டின கதவைத் திறக்க நான் போகவே இல்ல."

குடிக்கும் தண்ணீருக்கும் அங்கே வெள்ளம் என்றுதான் பெயர். ஏறி வரும் ஆற்றுக்கும் அதே பெயர்தான்.

த்ரேசியாம்மா டெஸ்ஸியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மோளே, அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். கதவைத் திறக்க வரேன்னு மட்டும். இதுல சொல்ல முடியுமா?"

"இது எடுத்துட்டுத்தான் வரும் சிஸ்டர். எதையும் கொண்டு போய்க் குடுக்காது."

ஆனாலும் முயன்றாள். ஒரு வரியை எழுதி அதே முகவரிக்கு அனுப்பினாள். அனுமதி இல்லை என்று வந்தது. வேறு வழியில் அனுப்பிப் பார்த்தாள். அதற்கும் அனுமதி இல்லை.

பதிலுக்கு இன்னொரு கோப்பு வந்து விழுந்தது.

"கழுத்து வரைக்கும் வந்துருச்சு மோளே."

டெஸ்ஸி அந்த முகவரியை அழித்தாள். அடுத்து வந்தது எக்ஸ்ரே முகவரியிலிருந்து, எச்டிடிபி வழியாக. திறந்தால் படம் இல்லை, அதே சலசலப்பு. இணையக் கம்பியைப் பிடுங்கினாள். இப்போது கோப்பின் முகவரி அவளுடைய கணினியையே காட்டியது.

எல்லா பாஷையும் அதற்குத் தெரிந்திருந்தது.

அவள் நிமிர்ந்தபோது த்ரேசியாம்மா அங்கே இல்லை. சுவரில் கீழ்வார்டின் சாவி தொங்கும் ஆணி வெறுமையாக இருந்தது.

இன்னொரு கோப்பு.

"மாப்பிளே, நான் வந்துட்டேன். பயப்படாதீங்க." த்ரேசியாம்மாவின் குரல். பிறகு கதவைத் தட்டும் ஓசை. தட்டல் உள்ளேயிருந்து கேட்டது. "டெஸ்ஸி! திறக்க வரமாட்டேங்குது! டெஸ்ஸி, வெள்..."

டெஸ்ஸி ஓடினாள். ஓடும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது. வந்து சேர்ந்த கோப்பு என்பது எங்கோ ஏற்கெனவே முடிந்துபோன ஒன்று.

கதவு பூட்டியிருக்கவில்லை. பின்னாலேயே ஓடி வந்த சசாங்கன் லேசாகத் தள்ளியதுமே திறந்துகொண்டது. உள்ளே பழைய கட்டில்கள், தரையில் வறண்ட தூசி. நடுவில் த்ரேசியாம்மா மல்லாந்து கிடந்தார். வெள்ளைச் சேலையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"நெஞ்செல்லாம் தண்ணி. ஆத்துல எங்கயாவது விழுந்தாங்களா?" என்று வந்து பார்த்த டாக்டர் கேட்டார்.



டெஸ்ஸி அந்த வேலையை விட்டுவிட்டாள். கோட்டயத்தில் வேறு அலுவலகம், வேறு கணினி. பழைய புரோகிராமின் ஒரு வரிகூட அதில் இல்லை. முதல் நாள் காலையில் அதைத் திறந்தாள். திரையின் மூலையில் ஒரே ஒரு ஒலிக்கோப்பு இருந்தது.

அழிக்கப் பார்த்தாள். அனுமதி இல்லை.

அதைத் திறக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

யாரும் தொடாமலே அதன் பதிவு நேரம் நொடி நொடியாகக் கூடிக்கொண்டே போனது.