கேம்ப் ரோட்டில் ஹாரன் ஓய்ந்த காலை

கேம்ப் ரோடு சிக்னலில், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கொட்டும் மழையில் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. மாநகரப் பேருந்து அடிக்கவில்லை. தண்ணீர் லாரி அடிக்கவில்லை. ஆபீசுக்குப் பறக்கும் பத்தாயிரம் பைக்குகளும் அடிக்கவில்லை. தெருநாய்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சிரிக்காதீர்கள்... சத்தியமாக நடந்தது. எல்லாம் ஒரு ஷேர் ஆட்டோக்காரனின் காதலால்!

பென்னி என்று பெயர். அந்தக் காலத்தில் பெயரில் மட்டும்தான் கிறிஸ்தவன். தாம்பரத்தில் நின்று அவன் ஒருவனைத் திட்டினால், குன்றத்தூர் மலை மயில்கள் இடி முழங்குவதாக நினைத்துத் தோகை விரிக்கும். அப்பேர்ப்பட்ட வாய்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அக்கா ஜான்சியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். போதகர் வேதசிரோமணி அதன் தலையில் தண்ணீர் விட்டதும், அதுவரை பேசாத குழந்தை முதல் வார்த்தையைப் பேசியது. 'அம்மா' அல்ல... மாமன் பஸ் டிரைவர்களைப் பார்த்துச் சொல்லும் வார்த்தை! அதுவும் மைக்குக்குப் பக்கத்தில்!

கோயிலே சிரித்தது. பென்னி சிரிக்கவில்லை. எல்லோரும் பிரியாணி சாப்பிடப் போன பிறகும் அவன் முழங்காலிலேயே இருந்தான். "ஆண்டவரே... இந்த வாய நீயே வச்சுக்க." அவ்வளவுதான் அவன் ஜெபம்.

அன்றிலிருந்து கோபம் வந்தால் அவன் கத்துவது ஒன்றே ஒன்று: "ஸ்தோத்திரம்!"

ஐப்பசி மழை. சேலையூர் நிறுத்தத்தில் பென்னியின் ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்க, குட்டை நீர் முழுவதும் எழும்பி ஒரு பெண்மேல் விழுந்தது.

"யோவ்! கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

மருந்துக் கடைக்கு வேலைக்குக் கிளம்பிய வெண்ணிலா. சுடிதாரெல்லாம் சேறு. பக்கத்து ஆட்டோ டிரைவர் லோகு காதைப் பொத்திக்கொண்டான். பென்னியின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது...

"ஸ்தோத்திரம்!"

"இன்னா?"

"ஸ்... ஸ்தோத்திரம், சிஸ்டர்."

இமைகளில் மழைத்துளி தொங்க அவள் அவனைப் பார்த்தாள். கோபம் பாதி, சிரிப்பு பாதி... இரண்டும் ஒரே கண்ணில் எப்படிக் குடியிருக்கின்றன? மழை நின்றுவிட்டதா, தனக்குத்தான் காது அடைத்துவிட்டதா? பென்னிக்குப் புரியவில்லை.

மறுநாள் அவளே அவன் வண்டியில் ஏறினாள்.

"இன்னிக்கு எத்தினி ஸ்தோத்திரம்ணா?"

"பஸ்ஸுக்கு நாலு, லாரிக்கு ரெண்டு... அந்த 'அண்ணா' மட்டும் வேணாமே."

"அப்ப நேத்து சிஸ்டர்னு கூப்ட்டது யாராம்?"

ஊரையே வாயடைக்க வைத்தவன் காது சிவக்க ஆக்ஸிலேட்டரைத் திருகினான்.

மழைக்காலம் முடிவதற்குள் விஷயம் வெண்ணிலாவின் அம்மா காதுக்குப் போய்விட்டது. செல்வம்மாள்... கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, மாடம்பாக்கத்தில் மீன் விற்பவள். அவள் பேரம் பேச வாயைத் திறந்தால் செத்த வஞ்சிரம் எழுந்து கூடைக்குள் ஒளியும்!

"அவனா? கூடையிலேர்ந்து தண்ணி சொட்டுச்சுன்னு நடுரோட்ல என்ன எறக்கி வுட்டு, என் பொறப்பையே பேசுனவன்டி அவன்!"

"அது அப்போம்மா. இப்ப மாறிட்டாரு."

"எந்த சாமிய கும்ட்டா எனக்கின்னா? அந்த நாக்கு மாறாது. நாளைக்கு அவன் வண்டில ஏறறேன். மாடம்பாக்கம் வர்ற வரைக்கும் நான் திட்டுவேன். ஒரு கெட்ட வார்த்த அவன் வாயிலேர்ந்து வராம இருந்தா, பொண்ணு அவனுக்கு. வந்துச்சு... அவன மறந்துடு."

திங்கட்கிழமை. மழை. பந்தயத்தை வெண்ணிலா முந்தின இரவே பென்னிக்குப் போனில் சொல்லியிருந்தாள். அம்மா, பக்கத்தில் மகள், பின்னால் நாலு பயணிகள். வண்டி கிளம்பியது. செல்வம்மாள் ஆரம்பித்தாள். ரயில்வே கேட் தாண்டுமுன் அவன் மூக்கு முடிந்தது, முழி முடிந்தது. சேலையூருக்குள் அவன் ஏழு தலைமுறை முடிந்தது. பயணிகள் நாலு பேரும் மழையென்றும் பாராமல் இறங்கி ஓடினார்கள்.

"ஸ்தோத்திரம்" என்று முனகினான் பென்னி. ஹேண்டில்பாரில் விரல்கள் வெளுத்தன.

'தாங்கிக்கோ... இன்னும் கொஞ்ச தூரம்...' வெண்ணிலா துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டாள்.

கேம்ப் ரோடு வந்தது. சிவப்பு விளக்கு.

"உன்ன மாதிரி ஒண்ணப் பெத்தாளே, அவ இன்னா மாதிரி பொம்பளையோ..."

பென்னியின் அம்மா போன வருஷம்தான் இறந்திருந்தாள்.

அவன் திரும்பினான். வார்த்தை வந்துவிட்டது. பழைய வார்த்தை... முழுசாக, செல்வம்மாளின் முகத்துக்கு நேராக.

வெண்ணிலாவின் வாயிலிருந்து துப்பட்டா நுனி நழுவியது.

"பாத்தியாடி?" என்றாள் செல்வம்மாள்.

'போச்சு...' வெண்ணிலாவின் கண்கள் நிறைந்தன.

விளக்கு பச்சையானது. பென்னி எஞ்சினை அணைத்தான். இறங்கினான். வண்டியைச் சுற்றி வந்து, ஓடுகிற தண்ணீரில், செல்வம்மாளின் முன் முழங்காலிட்டான்.

"அம்மா, அன்னிக்கு உங்களத் திட்டுனதும் நான்தான். இன்னிக்குத் திட்டுனதும் நான்தான். அன்னிக்குத் திட்டிட்டு டீ குடிக்கப் போனேன். இன்னிக்கு நெஞ்சு எரியுது. அந்த எரிச்சல ஏசப்பா குடுத்தாரு, இல்லன்னா எனக்கு ஏது? பந்தயத்துல தோத்துட்டேன். பொண்ணு கேக்க மாட்டேன். மன்னிப்பு மட்டும் குடுங்கம்மா. அது இல்லாம கோயிலுக்குள்ள போய் முட்டி போட எனக்கு மொகம் இல்ல."

பின்னால் பேருந்து டிரைவர் ஹாரனை அழுத்தக் கையைத் தூக்கினார். அந்தக் கை அப்படியே நின்றது.

வெண்ணிலா மழையில் இறங்கினாள்.

"அவரு கேக்க வேணாம்மா, நான் கேக்கறேன். எனக்கு இவரத்தான் புடிச்சிருக்கு. திட்டாதவருன்னு இல்ல... திட்டிட்டு எறங்கி வந்து நிக்கறவருன்னு."

பென்னி நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் வழிந்தது எல்லாமே மழை அல்ல.

"பென்னி... உங்களத்தான் சொல்றேன். காதுல வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சு," என்றான். "நானும்... சேலையூர் மழையிலேர்ந்து..."

செல்வம்மாள் காலடியிலிருந்த மீன் கூடையைப் பார்த்தாள். எத்தனை வருஷமாகக் கூடை சுமக்கிறாள்... அவளை ஏசாத ஆள் இல்லை. மன்னிப்பு என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. இவன் பெண்ணையும் விட்டுவிட்டு அல்லவா கேட்கிறான்? மெதுவாகத் தலையை வெளியே நீட்டினாள். பேருந்து, லாரி, பைக்குகள்... அத்தனையும் மழையில் சத்தமின்றி நின்றுகொண்டிருந்தன.

"எந்திரிடா. ஜன்னி வந்துடும்," என்றாள். பிறகு, தன் முந்தானையால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே, மகளைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஒத்துக்கறேன்டி... மாறித்தான் கீறான்."