கொஞ்ச நேரத்துக்கு ஒரு தலை

சிகையலங்காரத் தேர்வுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு மாடலைக் கூட்டி வர வேண்டும். மெஹராஜ் தன் தங்கை ஹுமேராவைக் கூட்டி வந்திருந்தாள். ஹுமேராவுக்குப் பத்து வயதுதான். ஆனால் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும்.

சிங்காநல்லூர் பயிற்சி நிலையத்தின் வாசலில் நின்று, தங்கையின் தலையைக் கடைசியாக ஒரு முறை வாரினாள் மெஹராஜ். சீப்பு பாதியில் நின்றது.

"என்னக்கா?"

"பேன்."

ஒன்றல்ல. ஒரு குடும்பமே பள்ளி பெஞ்சிலிருந்து குடியேறியிருந்தது.

மெஹராஜ் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பேன் இருந்தால் மாடலைச் சேர்க்க மாட்டார்கள். தேர்வில் தேறினால்தான் சான்றிதழ்; சான்றிதழ் இருந்தால்தான் பியூட்டி பார்லர் வேலை. போன தடவை கை நடுங்கித் தோற்றுப் போனாள். "இந்தத் தடவையும் போச்சுன்னா ஊட்டோட இருந்துக்க" என்று அத்தா சொல்லிவிட்டார்.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாதே கண்ணு" என்று கெஞ்சினாள்.

ஹுமேரா தலையாட்டினாள். உள்ளே போய் நாற்காலியிலும் உட்கார்ந்தாள். ஆனால் எல்லாருக்குமான சீப்புகள் ஒரே தட்டில் இருந்தன. பக்கத்து நாற்காலியில் இருந்த சுருட்டைமுடிச் சிறுமி அவளைப் பார்த்துச் சிரித்தாள். ஹுமேராவால் திருப்பிச் சிரிக்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"ஏனுங்க மேடம், என் தலையில பேன் இருக்குதுங்க."

பக்கத்து நாற்காலி சட்டென்று ஒரு முழம் தள்ளிப் போனது.

"வேற ஆள் கிடைச்சா கூட்டிட்டு வாங்க. நேரம் மட்டும் கூட்டித் தர முடியாது" என்றார் தேர்வாளர் அம்மா.

வெளியே வந்ததும் மெஹராஜ் சுவரில் முகம் சாய்த்து அழுதாள். "நீயே என்னைக் கெடுத்துப்போட்டியே!"

செய்தது சரி என்று தெரிந்தும் ஹுமேராவுக்கு நெஞ்சு வலித்தது. அக்காவின் தோளைத் தொடக்கூடப் பயமாக இருந்தது.

எதிர்ப்புற பஸ் நிறுத்தத்தில் ஷிப்ட் முடிந்த மில் பெண்கள் நின்றிருந்தார்கள். ஹுமேரா ஓடினாள். ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி திட்டினாள். மூன்றாமவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். கடைசியாக ஒருத்தி மிஞ்சினாள். பெரிய கொண்டை, அதன் மேலெல்லாம் பஞ்சு.

"ஏனுங்கக்கா, உங்க தலையைக் கொஞ்ச நேரம் கடன் தருவீங்களா?"

"கழட்டியா தாரது?" என்றாள் அவள். பெயர் சின்னாத்தாள்.

ஹுமேரா நடந்ததை எல்லாம் சொன்னாள். முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

"காலையிலிருந்து நின்னு நின்னு காலே போச்சு கண்ணு. அங்க உட்கார எடமிருக்குதா?"

"நாற்காலி இருக்குதுங்க. ஃபேனும் இருக்குதுங்க."

"பேனா?"

"ஐயோ, மேல சுத்துற ஃபேனுங்க!"

"அப்ப நட அம்மணி."

பஞ்சை எடுக்கவே பாதி நேரம் போய்விட்டது. மெஹராஜின் விரல்கள் நடுங்கின. ஆனால் சின்னாத்தாளோ உட்கார்ந்தவுடனே குறட்டை விட ஆரம்பித்தாள். தூங்குகிறவளுக்கு முன்னால் என்ன பயம்? விரல்கள் மெல்ல நிலைக்கு வந்தன. பின்னல் அழகாக இறங்கியது. அடுத்துக் கொண்டையைத் தொடங்கினாள். பாதியில் மணி அடித்துவிட்டது.

"பின்னல்ல தேறிட்டே. கொண்டையை மட்டும் அடுத்த தேர்வுல செஞ்சு காட்டணும். அதுவரைக்கும் சான்றிதழ் கிடையாது" என்றார் தேர்வாளர்.

அத்தாவிடம் என்ன சொல்வது? மெஹராஜின் கண்கள் மறுபடி நிறைந்தன.

"அத்தாகிட்ட நான் சொல்றேன்க்கா" என்றாள் ஹுமேரா. "பேன் என்னுதுதானே."

மெஹராஜ் தங்கையையே பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்து இறுக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் சின்னாத்தாள் விழித்தாள். கண்ணாடியைப் பார்த்தவள் திரும்பித் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

"இது நானா? ஏன் பாதியில நிறுத்திப்போட்டீங்க?"

"மீதி அடுத்த தேர்வுலதானுங்க" என்றாள் மெஹராஜ், கண்ணைத் துடைத்தபடி.

"அதுக்கும் நானே வாரேன்" என்று சோம்பல் முறித்தாள் சின்னாத்தாள். "இப்படியொரு தூக்கம் எங்கூட்டுல எங்க கெடைக்குது!"