லியோனுக்காக ஒரு மன்றாட்டு

"லியோன் போன வருசமே செத்துப்போனான். நீ ஏன் இன்னும் அவனுக்காகக் கவலைப்படுறாய்?" என்றான் கோபிசங்கர்.

"அது முதலாவது காலத்திலை. இது இரண்டாவது காலம்," என்றாள் ஜெனிற்றா.

ரியூசன் வகுப்பு இடைவேளையில் இந்தச் சண்டை நடக்காத நாளே கிடையாது. இருவருக்கும் பதினொரு வயது. இருவருக்கும் 'இரட்டைக் கடிகாரம்' என்ற விண்வெளித் தொடர் என்றால் உயிர். அந்தத் தொடரில் காலம் இரண்டாகப் பிரிந்துவிடும். முதலாவது காலத்தில் கிரகங்களுக்கிடையே போர் மூண்டு கப்டன் லியோன் இறந்துவிடுவான். இரண்டாவது காலத்தில் அதே போர் வேறு மாதிரித் தொடங்கும். அதில் லியோன் இன்னும் உயிரோடு இருக்கிறான். ஆனால் அவனுடைய கப்பல் எதிரிகளின் நிலவுக்குப் பின்னால் அகப்பட்டுக் கிடக்கிறது. அவன் தப்புவானா இல்லையா என்பது வரும் ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும்.

"முதலாவதுதான் உண்மை. இரண்டாவது கணக்கிலை வராது."

"அப்ப நீ பாக்காதை!"

"பாப்பன். பாத்திட்டுத்தான் கணக்கிலை வராதெண்டு சொல்லுவன்."

இப்படிப்பட்டவனோடு என்ன கதைப்பது?

அன்று மாலை குருநகரில், ஜெனிற்றாவின் ஊர்க் கோவிலில் நவநாள் தொடங்கியது. ஒன்பது நாளும் செபம் நடக்கும். வேண்டுதல் உள்ளவர்கள் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி மன்றாட்டுப் பெட்டியில் போடுவார்கள். பாதர் எடுத்து வாசிப்பார். ஜெனிற்றா கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்து, பெயர் போடாமல் எழுதிப் போட்டாள்.

"போரில் அகப்பட்டிருக்கும் லியோன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்று..."

ஒலிபெருக்கியில் பாதரின் குரல் கேட்டதும் ஜெனிற்றா குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டாள். எழுதியவரின் பெயர் இல்லாத துண்டை வாசிக்கமாட்டார் என்றல்லவா நினைத்திருந்தாள்! கோவில் முழுவதும் லியோனுக்காக மன்றாடியது. தம்பி ஜெரிசன் களுக்கென்று சிரித்தான். அவன் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

செபம் முடிந்ததும் கோவில் வாசலில் நின்ற பெண்களிடையே அதே பேச்சு.

"ஆரின்ரை பிள்ளை இந்த லியோன்?"

"வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறமெண்டு ஏஜென்சிக்காரன் எங்கையோ போர் நடக்கிற இடத்திலை கொண்டுபோய் விட்டிட்டான் போலை. தாய்க்காரி என்ன பாடு படுறாளோ!"

ஜெனிற்றா தம்பியை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் அம்மா ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு ஊற்றி, பக்கத்து வீட்டுச் சிசிலியா அன்ரிக்கு ஜெனிற்றாவிடம் கொடுத்தனுப்பினார். பள்ளிச் சீருடை தைக்கும் சிசிலியா அன்ரிக்கு, மீன் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது.

"வேண்டாம் பிள்ளை, கொண்டுபோ. லியோன் வாறவரைக்கும் நான் மீன் தொடமாட்டன்," என்றார் அன்ரி.

"எந்த... எந்த லியோன் அன்ரி?"

"பாதர் வாசிச்சாரெல்லே, அந்தப் பிள்ளை. என்ரை அண்ணை அடைக்கலநாதன் போர் நேரத்திலை கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்லை. அப்ப ஊரே எங்களுக்காக மன்றாடினது. இவனாவது வந்து சேரட்டும்."

அன்ரியின் கண்கள் கலங்கியிருந்தன.  ஜெனிற்றா கிண்ணத்தோடு திரும்பி வந்துவிட்டாள். லியோன் என்று ஒருவன் இல்லவே இல்லையே! அப்படியென்றால் அன்ரி ஆயுள் முழுக்க மீன் சாப்பிடமாட்டாரா?

"லேசான வேலை," என்றான் கோபிசங்கர், ரியூசனில் கதையைக் கேட்டுவிட்டு. "லியோன் வந்திட்டான், நன்றி எண்டு இன்னொரு துண்டு எழுதிப் போடு. அன்ரி மீன் சாப்பிடுவா."

நல்ல யோசனைதான். ஜெனிற்றா எழுதியும்விட்டாள். பெட்டிவரை போயும்விட்டாள். ஆனால் அன்ரி அதைக் கேட்டு எவ்வளவு சந்தோசப்படுவார் என்று நினைத்ததும் கை நின்றது. லியோனின் தாயைப் பார்க்க வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டுத் திரிவார். பொய்க்காக ஒருவர் அப்படிச் சந்தோசப்படக் கூடாது. துண்டைக் கிழித்துவிட்டு நேரே அன்ரி வீட்டுக்குப் போனாள்.

"அன்ரி, அந்தத் துண்டு நான்தான் எழுதினனான். லியோன் உண்மையான ஆள் இல்லை. படத்திலை வாற ஆள்."

தையல் மெசின் நின்றது.

"படத்திலையோ?"

"ஓம் அன்ரி. எனக்கு அவனிலை சரியான விருப்பம். அதுதான்... ஏசுங்கோ அன்ரி." ஜெனிற்றா அழத் தொடங்கிவிட்டாள்.

அன்ரி ஏசவில்லை. கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

"அவனுக்கு ஆர் இருக்கினம்?"

"ஒரு தங்கச்சி."

"அவன் தப்பிட்டானோ?"

"தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதான் காட்டுவினம்." ஜெனிற்றா மூக்கை உறிஞ்சினாள். "நீங்களும் எங்கடை வீட்டை வாங்கோவன் அன்ரி. சேந்து பாப்பம்."

அன்ரி கண்ணைத் துடைத்தார். பிறகு சிரித்தும்விட்டார்.

"வாறன். ஆனால் ஞாயிறு வரைக்கும் எனக்கு மீன் இல்லை. இனிமேல் எழுதேக்கை படமெண்டு எழுதிப்போடு, கள்ளி!"

ஞாயிறு மாலை கோபிசங்கர் நல்லூரிலிருந்து சைக்கிளில் வந்தான். அம்மாவின் ஃபோனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்தார்கள். இரண்டு காலங்களையும் அன்ரிக்கு விளக்குவதற்குள் கோபிசங்கருக்கு வியர்த்துவிட்டது.

படம் தொடங்கியது. நிலவுக்குப் பின்னாலிருந்து லியோனின் கப்பல் புறப்பட்டது. ஒரு இறக்கை எரிந்தது. ஜெரிசன் தலையணைக்குள் முகத்தைப் புதைத்தான். அன்ரியின் கை ஜெனிற்றாவின் கையை இறுகப் பிடித்திருந்தது. கடைசியில் ஒரு சின்ன வீடு வந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். தங்கை ஓடிவந்து திறந்தாள். வாசலில் லியோன் நின்றான்.

சிசிலியா அன்ரி விம்மி விம்மி அழுதார்.

"எண்டாலும் முதலாவது காலத்திலை..." என்று தொடங்கினான் கோபிசங்கர்.

"தம்பி, ஒரு காலத்திலை எண்டாலும் அவன் வீட்டை வந்திட்டான். எனக்கு அது போதும்," என்றார் அன்ரி.

 கோபிசங்கர் ஃபோனை அன்ரிக்குக் கிட்டத் தள்ளி வைத்தான்.

"அப்ப மீன் பொரிக்கட்டே?" என்று குசினியிலிருந்து அம்மா கேட்டார்.

"ஓம்!" என்று எல்லாருக்காகவும் கத்தினான் ஜெரிசன்.

அன்ரிக்கு அது காதில் விழவேயில்லை.

"பிள்ளை, அந்தத் தங்கச்சி கதவு திறக்கிற இடத்தை ஒருக்கால் திருப்பிப் போடு."

ஜெனிற்றா போட்டாள். அன்ரி இன்னொரு தடவை கேட்டார். அதையும் போட்டாள். அம்மாவின் ஃபோனில் டேட்டா முடியும்வரை லியோன் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தான்.