இசக்கிப்பாண்டி நக்கிப் பார்த்த தாடை

குற்றாலத்தில் அருவி கொட்டோ கொட்டென்று கொட்டுகிற ஆனி மாதம், சுரண்டைக்குக் கிழக்கே இசக்கிப்பாண்டியின் தென்னைகள் கருகிக்கொண்டிருந்தன. கடைசி நம்பிக்கையாகக் கிணறு வெட்டினான். தண்ணீருக்குப் பதிலாக ஒரு தாடை வந்தது. என் கை நீளம். இல்லை, என் நீளமே இருக்கும்.

பென்ஷன்காரனுக்கு வேறென்ன வேலை, முதல் ஆளாகப் போய் நின்றேன். மத்தியானம் ஜீப்பில் வந்து இறங்கினாள் ஸ்வாதி, தொல்லுயிர் ஆராய்ச்சி செய்கிற பெண்.

"இங்கன ஆதிகாலத்துல சதுப்பு நிலம் சார். முதலை, ஆமை எல்லாம் புதைஞ்சிருக்கும். இது எலும்புன்னா வெட்டுறத நிறுத்தணும்."

"கல்லா இருந்தா?" என்றான் இசக்கிப்பாண்டி.

"வெட்டலாம் அண்ணாச்சி. நாக்க வச்சா தெரிஞ்சிரும். எலும்பு ஈரத்த உறிஞ்சி ஒட்டிக்கிடும்."

"நீ வைக்க வேண்டாம். கல்லுதான்னு நானே காட்டுதேன்."

குனிந்து நக்கினான்.

ஒட்டிக்கொண்டது.

மனுஷன் காட்டிக்கொள்ளவில்லையே! துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தான்.

"என்னலே, கல்லா எலும்பா?" என்று சிரித்தேன்.

கட்டைவிரலை உயர்த்தினான். கல்லாம்.

அப்போதுதான் அந்த நாற்றம். புழுதி பறக்கிற பொட்டலில், பாசியும் அழுகிய மீனும்.

பிறகு சத்தம். டம்ளரின் அடியில் கிடக்கிற சர்பத்தை உறிஞ்சுகிற சத்தம்.

அவன் கன்னம் ஒட்டியது. கைகள் வற்றின. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. சுண்டைக்காய்கூட அவ்வளவு சீக்கிரம் வத்தலாகாது.

ஸ்வாதி அவன் காதருகே கிசுகிசுத்தாள். "எலும்புதான்னு ஒத்துக்கிடுங்க அண்ணாச்சி. உடைச்சு எடுத்திருதோம்."

தலையை ஆட்டி மறுத்தான். கட்டைவிரல் இறங்கவில்லை.

இருவரும் பிடித்து இழுத்தோம்.

அவன் வந்துவிட்டான். நாக்கு வரவில்லை.

உடம்பை ஒற்றைக் கையில் தூக்கினேன் என்றால் நம்பமாட்டீர்கள். பனையோலை கனம். விரல் மட்டும் விறைத்து நின்றது, அப்படியேதான் எரித்தார்கள். கிணற்றையும் மூடியாகிவிட்டது.

தாடை இப்போது தென்காசியில், ஸ்வாதி வாடகைக்கு எடுத்த அறையில் இருக்கிறது. நேற்று கூப்பிட்டாள். போனேன். தாடை வைத்திருந்த பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

பற்களுக்கு நடுவே, சிவப்பாக, எச்சில் பளபளக்க, அது படுத்திருந்தது.

என் பக்கம் மெல்லத் திரும்பியது.

"கல்லுதான் அண்ணாச்சி," என்றது.