கதவைத் திறக்காதவள்

தன் அடுப்படியில், தன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு இன்னொருத்தி நிற்பதைப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் வயிறு எரியாது? காலையில் காபி போட இறங்கி வந்த ரோலாந்த் படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். அடுப்படியில் நிற்பவள் மொன்றியாலிலிருந்து வந்த நடிகை. மகன் எடுக்கும் படத்தில் அவள்தான் ரோலாந்த்!

“அம்மா, நீ மாடியிலேயே இரேன்... இன்னிக்கு முக்கியமான சீன்,” என்றான் மகன் கிலேன். முகம் பார்த்துப் பேசவில்லை.

“என் வீட்ல ஒரு வாய் காபிக்கு உன்கிட்ட உத்தரவு கேக்கணுமாடா?”

“ஆரம்பிச்சிட்டியா! அன்னிக்கு அப்பாவை விரட்டினே... இன்னிக்கு என்னையுமா?”

அத்தனை பேர் முன்னால்! ரோலாந்த் காபி போடாமலே மாடி ஏறினாள்.

அந்த நதிக்கரை ஊரில் புத்தாண்டுக் காலையில் பிள்ளைகள் அப்பா முன் மண்டியிட்டு ஆசி கேட்பார்கள். கிலேனுக்கு ஒன்பது வயதானபோது, மரம் வெட்டும் முகாமுக்குப் போயிருந்த அப்பா லூசியேன் ஆசி சொல்ல வந்தாராம். அம்மா கதவைத் தாழிட்டு அவரைப் பனியிலேயே திருப்பி அனுப்பினாளாம். மாடியில் காத்திருந்த பிள்ளைகளிடம் அம்மாவே வந்து அப்படித்தான் சொன்னாள். கிலேன் வளர்ந்து அதை நாடகமாக எழுதினான். ஆறு வருஷம் ஓடியது. மேடையில் தாழ்ப்பாள் விழுகிற சத்தத்துக்கே ஜனம் விசும்பியது. அதற்கப்புறம் தேவாலயத்தில் ரோலாந்தின் பக்கத்தில் ஒருவரும் உட்காருவதில்லை. இப்போது அதே வீட்டில் அது படமாகிறது. இனி நாடே பார்த்து அவளைத் திட்டும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லையே, பாவி மனுஷி!

கீழே செட் தச்சர் கஸ்தோன் கூப்பிட்டார். “சார், இந்த அடுப்படி வாசக் கதவுல தாழ்ப்பாளே இல்லையே! எங்க மாட்டணும்?”

“கழண்டு விழுந்திருக்கும், பாருங்க.”

“கழண்டிருந்தா திருகாணி ஓட்டை இருக்குமே? இது வீடு கட்டின நாள்ல வச்ச கதவு. இந்தப் பக்கம் அந்தக் காலத்துல யாரு சார் பூட்டினா? பனில மாட்டினவன் வந்து நுழையட்டும்னு விட்டுருவாங்க.”

கிலேன் கதவையும் நிலையையும் தடவிப் பார்த்தான். முன்வாசல் குளிர்காலம் முழுக்கப் பனியில் அடைந்து கிடக்கும். இது ஒன்றுதான் வழி. மேடையில் அட்டைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்தது அவன்தான். சின்ன வயதில் ஓடி ஓடித் திறந்த கதவு அவனுக்கு மறந்தே போயிருந்தது.

மாடிக்கு ஓடினான்.

“அம்மா... அன்னிக்கு அப்பா வந்தாரா?”

ரோலாந்த் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேக்கறேன்ல!”

“வரலைடா.”

“அப்ப ஏன்...”

“முந்தின நாள்தான் கடுதாசி வந்துச்சு. அங்கேயே வேற ஒருத்தியோட குடித்தனமாம். பிள்ளைங்களும் வேணாம்னு எழுதியிருந்தாரு. நீயும் உன் தங்கச்சி மரியேலும் புதுச் சட்டையோட உக்காந்திருந்தீங்க... அப்பாவுக்கு நீங்க வேணாமாம்னு எந்த வாயால சொல்லுவேன்? வந்தாரு, நான்தான் விரட்டினேன்னு சொல்லிட்டேன். என்னைத்தானே வெறுப்பீங்க... வெறுத்துட்டுப் போங்கன்னு விட்டுட்டேன்.”

கிலேன் அவள் மடியில் விழுந்து கதறினான். “நாப்பது வருஷம்மா! உன்னைத் தனியா விட்டுட்டேனே... படத்தை நிறுத்திடறேன்!”

“வேணாம். மரியேல் இன்னிக்கும் அவர் கல்லறைல பூ வைக்கிறா. அவளுக்காவது அப்பா வந்தவராவே இருக்கட்டும்.”

“உன்னை ஊரே திட்டுமேம்மா!”

“திட்டட்டும். நீ திட்டாம இருந்தா போதும்.”

கிலேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிக்கட்டில் குனிந்தான். “கஸ்தோன்... தாழ்ப்பாளை மாட்டிடுங்க.” இறங்கிப் போகாமல் அம்மாவின் காலடியிலேயே வந்து உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் கீழே எல்லாச் சத்தமும் அடங்கியது. அப்பாவாக நடிப்பவர் வெளியே பனியில் நின்று கதவைத் தட்டினார்.

ரோலாந்த் சட்டென்று எழுந்துவிட்டாள். கடுதாசி பொய்யாக இருக்கக் கூடாதா என்று அந்தக் காலை முழுக்க அவளும்தானே காத்திருந்தாள்!

“உக்காரும்மா... அது அவர் இல்லை.”

“தெரியும்டா,” என்றாள். ஆனாலும் உட்காராமல், இன்னொரு தரம் தட்டுவார்களா என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.