பின் சீட்டில் இருப்பவன்

ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த போனில் கவின்ராஜின் பெயர் மின்னியது. கவின்ராஜோ அவள் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தான்.

பாக்கெட்டில் கிடக்கிற போன் தானாக அழுந்தியிருக்கும் என்று ஜீவிதா அதைக் கண்டுகொள்ளவில்லை. வண்டி நஞ்சன்கூடு தாண்டி மைசூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. அந்தி மங்கி, தூறல் விடாமல் இறங்கி, லாரி டயர்கள் வாரியடித்த செம்மண் தண்ணீரும் டீசல் புகையும் எங்கிருந்தோ வந்த கரும்பாலை வாடையும் ஹெல்மெட்டுக்குள் புகுந்து மூச்சோடு ஒட்டிக்கொண்டிருக்க, தூரத்தில் சாமுண்டி மலை விளக்குகள் மேகத்துக்குள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் ஹெப்பாள், வீடு, அம்மா வைத்த மிளகு ரசம்.

தனுஷ்கோடி வரைக்கும் ஒரே வண்டியில் போய்வர வேண்டும் என்பது அக்கா தம்பி இருவருக்கும் பல நாள் ஆசை. அம்மா சுலோசனா லேசில் விடவில்லை. "அவன் வெளையாட்டுப் புள்ள. உன்ன நம்பித்தான் அனுப்பறேன், முழுசாக் கொண்டாந்து சேத்தோணும்" என்று கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஜீவிதா கொண்டுவந்து சேர்க்கத்தான் போகிறாள். என்ன, கடற்கரைக் காற்றில் கத்திக் கூத்தடித்ததில் அவனுக்குத் தொண்டை அடியோடு கட்டிவிட்டது. நேற்றிலிருந்து காற்றுதான் வருகிறது, பேச்சு வரவில்லை. "அப்பாடா, இப்பத்தான் என் காது பொழச்சுது" என்று கேலி செய்தாள். தோளில் ஒரு தட்டு தட்டினால் சரி, இரண்டு தட்டினால் நிறுத்து என்று பேசி வைத்துக்கொண்டார்கள்.

யோசித்துப் பார்த்தால், அவன் தோளில் தட்டியே வெகு நேரமாகிறது.

மறுபடியும் போன் அடித்தது. இந்தத் தடவை ஹெல்மெட்டுக்குள் இருந்த ஸ்பீக்கர் தானே அழைப்பை எடுத்துக்கொண்டது.

"அக்கா! எங்க போயிட்ட? என்னை உட்டுட்டுப் போயிட்டயே!"

கவினின் குரல். காதுக்குள் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி.

"டேய், வெளையாடாத."

"வெளையாட்டா? அந்தப் புளியமரத்துக்கிட்டயே நிக்கறேன். ஒண்ணுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நீ பாட்டுக்குக் கெளம்பிட்ட. இருட்டிப் போச்சு அக்கா. பயமா இருக்குது."



சாம்ராஜ்நகர் தாண்டி வந்த அந்தப் புளியமரம் கண்முன் வந்து நின்றது. அடிமரத்தில் சிவப்புத் துணி, காய்ந்த மாலை, ஆணியில் தொங்கிய உடைந்த ஹெல்மெட். யாரோ வண்டியோடு விழுந்து செத்த இடம். கவின் மரத்துக்குப் பின்னால் போனான். அவள் இறங்கவில்லை. மழை வலுத்ததும் எஞ்சினை உறுமவிட்டு, தலையைக் குனிந்தபடியே கத்தினாள்: "வா, வா, சீக்கிரம் ஏறு, வூட்டுக்குப் போலாம்!"

சீட் அமுங்கியது. கிளப்பிவிட்டாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஐயோ, என்ன வார்த்தை சொல்லிவிட்டாள்! அம்மாவின் ஊரான ஹனூர்ப் பக்கம் சிவப்புத் துணி கட்டிய மரத்தடியில் யாரும் யாரையும் 'வா' என்று கூப்பிட மாட்டார்கள். 'நட' என்பார்கள், 'கெளம்பு' என்பார்கள். கூப்பிட்டால் நாம் நினைத்த ஆள்தான் வருவார் என்று என்ன நிச்சயம்? தப்பித்தவறி ஏதாவது கூட வந்துவிட்டால் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஏறிய இடத்துக்கே கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். அதுவரை முகத்தைப் பார்க்கக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது. மைசூரில் பிறந்து வளர்ந்த ஜீவிதா இதையெல்லாம் கேட்டுச் சிரித்தவள்தான். இப்போது சிரிப்பு வருமா?

"அக்கா, இருக்கியா? உன் பின்னால யாரு உக்காந்திருக்கறது?"

அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"திரும்பிப் பாத்துடாத. பேசாத. அம்மா சொல்லியிருக்காங்கள்ல? இங்கயே கொண்டாந்து எறக்கி உடு. நான் நிக்கறேன்."

பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் வெளிப்புறமாகத் திருப்பிவிட்டாள். வந்த பாதையிலேயே வண்டியை வளைத்தாள்.

வளைத்ததும் தோளில் ஒரு கை விழுந்தது. ஒரு தட்டு. இன்னொன்று.

நிறுத்தச் சொல்கிறது.

தோளை உதறினாள். கை எடுபட்டது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தட்டியது, இப்போது மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி. எங்கள் பாஷையை எப்படிக் கற்றுக்கொண்டது இது? பல்லைக் கடித்துக்கொண்டாள். நனைந்த ஜாக்கெட் வழியாக அதன் சூடு முதுகில் இறங்கியது, காய்ச்சல்காரனின் சூடு. நஞ்சன்கூட்டின் கடைவிளக்குகள் வந்தன, போயின. அப்புறம் வயல். இருட்டு. தவளைச் சத்தம். வைப்பரின் கிறீச் சத்தத்தோடு எதிரே வந்த ஒரே பஸ்ஸும் போய்விட்டது.

என் தம்பி தனியாக நிற்கிறான். அது ஒன்றுதான் அவள் மனசில் இருந்தது.

புளியமரம் வந்தது.

நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. நேராக முன்னால் பார்த்தபடி சொன்னாள்: "எறங்கிக்கோ."

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சீட் எழும்பியது. காலடிச் சத்தம் சேற்றில் மரத்தடிப் பக்கம் போனது. தேடுகிற மாதிரி சருகுகளைக் கிளறுகிற சத்தம். மரத்தடியில் விழுந்துவிட்ட போனையோ எதையோ எடுக்கத்தான் இருவரும் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று அது நினைத்துக்கொண்டது போல.

அந்த நினைப்பு அவளை லேசாக உறுத்தியது. அதற்குள் வேறு பக்கத்திலிருந்து யாரோ ஓடிவந்து பின்னால் தாவி ஏறினார்கள்.

"போ அக்கா."

"கவினு! சாமி, வந்துட்டியா! ஹெல்மெட் போட்டுட்டியாடா?"

"அது போட்டுக்கிட்டிருக்குது. போ, போ."

முறுக்கினாள். வண்டி பாய்ந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின அவளுக்கு. பாவிப் பயல், உயிரே போய்வந்தது! தம்பியின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும் என்று இடதுபக்கக் கண்ணாடியை உட்புறம் திருப்பினாள்.

கண்ணாடியில் ரோடு தெரிந்தது.

பின் விளக்கின் சிவப்பில் ஒருவன் ஓடிவந்துகொண்டிருந்தான். ஓடிக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தான்.

கவின்.

மழையில் நனைந்த முகம். அகலத் திறந்த வாய். கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறான். ஒரு சத்தமும் வரவில்லை.

பிரேக்குக்குக் கை போகப் பார்த்தது. போகவில்லை. ஆக்சிலரேட்டர் மேலிருந்த அவள் விரல்களை இன்னொரு கை மூடியிருந்தது. பின்னாலிருந்து வந்த கை. நீளமான கை. ஈரம். மண்.

அது மெல்ல முறுக்கியது.

கண்ணாடியில் கவின் சின்னதாகிக்கொண்டே போனான்.