அலீத்தியா என்றால் மறவாமை

மறதிக்கூடத்திலிருந்து வெளியே வந்ததும் கஸ்பார் பசிக்கிறது என்றான். ஏழு மாதங்களில் அவன் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. அவன் மனைவி ஜெசிந்தாவுக்கு அழுகை வந்தது.

ஏழு மாதங்களுக்கு முன் மணற்கரை உர ஆலையில் அம்மோனியா கசிந்து பத்தொன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி இந்தத் தம்பதியின் ஒன்பது வயது மகள். ஊரே தூக்கமின்றித் தவித்தபோது ஆலை நிர்வாகம் ஒரு மறதிக்கூடம் கட்டி, 'லீத்தே' என்ற நினைவழிப்பானை அதில் இலவசமாக நிறுவியது. துயரத்தை நினைக்கும்போது மூளையில் ஒளிரும் இழைகளை மட்டும் அது அணைத்துவிடும். இறந்தவர்களின் படங்களையும் உடைகளையும் நிர்வாகமே வீடு வீடாக வந்து எடுத்துப் போனது. ஜெசிந்தா மட்டும் கூடத்துக்குள் போக மறுத்துவிட்டாள்.

ஆலையில் வேலை பார்த்தவன் கஸ்பார்; நான்காம் வால்வு பழுது என்று கசிவுக்கு முன்பே மேலதிகாரிகளிடம் மூன்று முறை சொன்னவன். விசாரணை ஆணையத்தில் அவன்தான் முக்கிய சாட்சி. ஆணையர் இறந்தவர்களின் பட்டியலைப் பார்த்து, அலீத்தியா உங்கள் மகளா என்று கேட்டார்.

"எங்களுக்குப் புள்ள இல்லையே ஐயா," என்றான். பொய் சொல்பவனின் முகமில்லை அது. "பேரு நல்லாருக்கு. என்ன அர்த்தம்?"

ஜெசிந்தா எழுந்தாள். கிரேக்கம் படித்த பங்குச் சாமியார் வைத்த பெயர் என்றாள். அந்த நாட்டுப் புராணத்தில் லீத்தே மறதியின் ஆறு. முன்னால் 'அ' சேர்ந்தால் மறதி இல்லாதது. உண்மைக்கும், உண்மையின் தெய்வத்துக்கும் அவர்கள் வைத்த பெயர் அதுதான்.

"அந்த ஆத்துத் தண்ணிய செத்தவங்கதான் குடிப்பாங்களாம் ஐயா. இங்க உசிரோட இருக்கவங்களுக்குக் குடுத்துட்டாங்க."

ஆணையர் குறித்துக்கொண்டார். வால்வைப் பற்றிக் கேட்டபோதும் கஸ்பாருக்கு எதுவும் நினைவில்லை. சாட்சி இல்லையென்று விசாரணை முடிந்தது.

அதன்பின், குற்ற உணர்வில் தூக்கம் கெட்டிருந்த பொறியாளர்களும் ஒவ்வொருவராகக் கூடத்துக்குப் போய்வந்தார்கள். ஆலை மறுபடி திறக்கப்போவதாக அறிவிப்பு வந்ததும் ஜெசிந்தா தலைமைப் பொறியாளரைப் பார்த்து, நான்காம் வால்வை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டாள். அவர் அவளை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். அப்படியொரு பழுது நினைவில் இல்லை என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை.

"நீங்க மட்டும் ஏம்மா இதைச் சுமந்துகிட்டு இருக்கீங்க?" என்று மறதிக்கூடத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஆலை திறந்தது. நான்காம் வால்வைத் திறக்க அனுபவமுள்ள ஆள் வேண்டுமென்று கஸ்பாரை அனுப்பினார்கள். அவன் பயமே இல்லாமல் போனான்.